யாரைக் கேட்டு எழுதினார்கள்?

தமிழகத்தை விட்டு வெளியே வந்து வாழும் நம்மவர்க்கு நேரும் சிறு தொல்லைகளுள் பெயர்த் தொல்லையும் ஒன்று. ஊரில் இருந்தவரையில் தந்தையார் பெயரின் முதலெழுத்தை முன்னே சூடிக்கொண்டு, ஒற்றைப் பெயரோடு நிம்மதியாக உலவி வந்தோம். தில்லிக்கோ மும்பைக்கோ கல்கத்தாவுக்கோ வந்து சேர்ந்ததும் படிவங்கள் நம்மை வினவத் தொடங்குகின்றன: முதற்பெயர் யாது? நடுப்பெயர் யாது? குடும்பப்பெயர் யாது? மூன்றாவது கட்டத்தை வெறுமையாக விட்டால் கணிப்பொறி மேற்கொண்டு நகர மறுக்கிறது. வேறு வழியின்றித் தந்தையார் பெயரை அங்கே இட்டுவிடுகிறோம். பிறகு விமான நிலையத்தில் ஒலிபெருக்கி அழைப்பது தந்தையாரை. எழுந்து ஓடுவது மகன்.

இத்தகைய படிவம் ஒன்றைத் தமிழில் ஆக்கித் தந்த குற்றம் நமக்கும் உண்டு. மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் ஆண்டுகள் பல கழித்துவிட்ட நமக்கு, ஒருநாள் ஓர் அலுவலகத்திலிருந்து கணிப்பொறிப் படிவமொன்று வந்தது. பன்னிரண்டு மொழிகளில் அது வெளிவர வேண்டுமாம். மூலத்தில் இருந்த சொல்லுக்கு நேராகக் 'குடும்பப்பெயர்' என்று எழுதினோம். 'கட்டாயம் நிரப்புக' என்னும் உடுக்குறியையும் பிசகாமல் இட்டோம். தமிழருக்குக் குடும்பப்பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை என்பது அந்தக் கட்டடத்திலே நமக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரிந்திராது. ஆயினும் ஒரு வரிக் குறிப்புக்கூட எழுதி அனுப்பவில்லை. எவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழிந்தன. நமது குடியிருப்பில் வசிக்கும் அம்மையார் ஒருவர், தம் மகளின் உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டதென்று காகிதங்களோடு வந்தார். பள்ளிச் சான்றிதழில் இருப்பதோ முதலெழுத்தும் பெயரும். விண்ணப்பத்தில் இருப்பதோ பெண்ணின் பெயரும் அதன் பின்னே தந்தையின் முழுப்பெயரும். இரண்டும் ஒருவரே என்று ஒப்புக்கொள்ளக் கணிப்பொறிக்கு மனமில்லை. படிவத்தின் தமிழ்ப் பிரதியை நம் முன்னே விரித்து, "இதை யாரைக் கேட்டு எழுதினாங்க, சார்?" என்றார் அவ்வம்மையார். அப்போது நாம் ஏதும் விடை கூறவில்லை.

அக்கேள்வி நம்மை விட்டபாடில்லை. மாலை வேளைகளில் நூலகத்தில் அமர்ந்து தேடியதில், மென்பொருள் என்னும் தொழில் தோன்றிய நாள் முதலாகவே இந்தக் கேள்வியும் அதனைத் தொடர்ந்து வந்திருக்கிறது என்று கண்டோம். கணிப்பொறி இன்னது செய்ய வேண்டுமென்று வகுத்துத் தரும் ஆணைத் தொகுதிதான் மென்பொருள். அதை எழுதுமுன், அதனைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு வேண்டுவது என்ன என்று விசாரித்தறிவது தனியொரு வேலை. நேயர்களுக்குப் பழக்கமான இடத்திலிருந்தே இச்சரித்திரத்தைத் தொடங்குவோம். நம்மவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் நின்று பார்த்த இடம், ரயில்வே முன்பதிவுச் சாளரம்.

1985-ஆம் ஆண்டுக்கு முன்பு தில்லியில் ரயிலுக்கு இடம் பிடித்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வண்டி ஒவ்வொன்றுக்கும் நாள்வாரியாகக் கையால் எழுதிய பதிவேடு இருக்கும். அந்தப் பதிவேடு இருக்கும் சாளரத்தில்தான் அந்த வண்டிக்கு இடம் கிடைக்கும். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸுக்காகக் கால் கடுக்க நின்று, இடமில்லை என்ற சொல்லைக் கேட்டபின், மற்றொரு வண்டியில் இடமுண்டா என்று அறிய வேறொரு வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். திரும்பி வரும் பயணத்துக்கோ எனில், அந்த ஊர் நிலையத்துக்குத் தந்தி போக வேண்டும்; விடை வரும்வரை காத்திருக்க வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பம், திரும்பிவர இடம் உறுதியாகாமலே புறப்பட்டுச் செல்வது அக்காலத்தில் சர்வசாதாரணம்.

இவ்வேலையைக் கணிப்பொறிக்கு மாற்றுவதற்கு, சி.எம்.சி. என்னும் அரசுத்துறை நிறுவனம் ஒரு மென்பொருளை உருவாக்கிற்று. 1985-இல் புதுதில்லியில் அது சோதனையாகத் தொடங்கிற்று. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'இம்ப்ரெஸ்'. எழுத்துக்களை விரித்துப் பார்த்தால் 'ஒருங்கிணைந்த பல்வண்டிப் பயணி முன்பதிவு முறை' என்று பொருள்படும். பல்வண்டி என்னும் அந்த ஒரு சொல்லை நேயர்கள் சற்றே கவனிக்க வேண்டும். வரிசையில் நின்றவனுடைய குறை அப்படியே அதிலே அடங்கியிருக்கிறது: எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் இடம் தருக என்பதே அது. பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றி, வண்டிக்கொரு சாளரமாக முன்போலவே வைத்திருந்தாலும், கணிப்பொறி வந்துவிட்டது என்று விழா எடுத்திருக்கலாம்; பயணிக்கு யாதொரு பயனும் விளைந்திராது.

மகளிருக்கு ஒதுக்கீடு, படைவீரருக்கு ஒதுக்கீடு, இடைநிலையங்களுக்கு ஒதுக்கீடு, பார்வையற்றோர்க்கும் மாணவர்க்கும் பிறர்க்கும் கட்டணச் சலுகை, காத்திருப்போர் பட்டியல், ரத்தானால் பிடித்தம் என்று ரயில்வேயின் விதிகள் ஒரு காடு. அக்காட்டில் வழிகண்டு நடந்தவர் சாளரத்துக்குப் பின்னே அமர்ந்திருந்த குமாஸ்தா. அவர் விரல்நுனியில் இருந்ததை எல்லாம் கணிப்பொறிக்குச் சொல்லியாக வேண்டும் என்றால், முதலில் அவரிடம் யாரேனும் கேட்டாக வேண்டும் அன்றோ? கணிப்பொறி வந்தால் வேலை போகும் என்ற அச்சம் தேசமெங்கும் சிப்பந்திகளிடையே பரவியிருந்த காலமும் அதுவே. அச்சங்கொண்டவனிடம் அவனுடைய தொழில் நுணுக்கத்தைக் கேட்டறிவது எளிதன்று. தில்லியில் அம்முறை நிலைபெற்று, பிற பெருநகரங்களுக்கும் பரவியது சாமானியமான காரியம் அல்ல என்றே நாம் கருதுகிறோம்.

எனினும், தந்திக்கு அஞ்சிய பயணியின் குறை அப்போதும் தீரவில்லை. தில்லியின் கணிப்பொறி தில்லியோடும், சென்னையின் கணிப்பொறி சென்னையோடும் நின்றன. அக்குறையைத் தீர்க்க வந்த அடுத்த மென்பொருளை ரயில்வேயின் சொந்தத் தகவல்துறை அமைப்பாகிய 'கிரிஸ்' எழுதிற்று. 1994-இல் செகந்திராபாதில் அது முதன்முதலாக இயங்கிற்று. 1999 ஏப்ரலுக்குள் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்னும் ஐந்து மையங்களும் ஒன்றாக இணைந்தன. அதன் பெயர் 'கான்செர்ட்'. அதன் விரிவின் முதற்சொல்லே 'நாடளாவிய' என்பது. ஆக, பயணியின் முதற்குறை ஒரு பெயரிலும் இரண்டாங்குறை மற்றொரு பெயரிலும் குடியேறிவிட்டன. அவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் சென்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2002 ஆகஸ்டில் இணையவழி டிக்கெட்டும் வந்துவிட்டது. சாளரமே வீட்டுக்குள் வந்துவிட்டது.

இக்கலையின் மூலவரைக் காண வேண்டுமாயின், இன்னும் முப்பதாண்டுகள் பின்னே சென்று லண்டன் மாநகரின் தேநீர்க்கடை ஒன்றில் நுழைய வேண்டும். வாணிகத்துக்காகக் கணிப்பொறியை முதன்முதல் ஏவியது ஒரு பாங்கியோ போர்த்தளவாடத் தொழிற்சாலையோ என்று நேயர்கள் எண்ணக்கூடும். அல்ல, தேநீரும் ரொட்டியும் கேக்கும் விற்ற லயன்ஸ் கம்பெனிதான் அது. அதன் தேநீர்க்கடைகள் 1894 முதல் நகரெங்கும் பெருகின. 'நிப்பி' என்று செல்லமாக அழைக்கப்பட்ட அக்கடைப் பணிப்பெண்களை அறியாத லண்டன்வாசி இரார். அரையணா லாபத்துக்குத் தேநீர் விற்கும் கம்பெனி, கணக்கெழுதும் செலவை அரையணாவுக்கு மேலே போகவிட முடியாது. ஆகவே கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஜான் சிம்மன்ஸ் என்பவரை 1923-இல் அமர்த்தி, அலுவலக வேலைகளை ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவையும் அவர்கள் பின்னர் நிறுவினார்கள். ஒவ்வொரு மேசைக்கும் சென்று, இந்தக் காகிதம் எதற்கு, இதை யார் படிக்கிறார்கள், படித்து என்ன செய்கிறார்கள் என்று கேட்பதே அப்பிரிவாரின் தொழில். கணிப்பொறி என்ற பொருள் உலகிலே தோன்றுமுன்னரே, அதற்கு வேண்டிய விசாரணைப் பழக்கம் லயன்ஸ் கம்பெனியில் வேரூன்றிவிட்டது.

1947-இல் அக்கம்பெனியின் இருவர், ஸ்டாண்டிங்ஃபோர்டும் தாம்ஸனும், அமெரிக்கா சென்று புதிய மின்னணுக் கணக்கு யந்திரங்களைப் பற்றிக் கேள்வியுற்றார்கள். பிரின்ஸ்டனில் அவர்களுக்குக் கிடைத்த செய்தி வேடிக்கையானது: அத்தகைய யந்திரம் ஒன்றை அவர்களுடைய நாட்டிலேயே, கேம்பிரிட்ஜில், மாரிஸ் வில்க்ஸ் என்பவர் செய்துகொண்டிருக்கிறார் என்பதே அது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். கம்பெனி அவருக்கு 3,000 பவுன் உதவியது. 1949 மே மாதம் வில்க்ஸின் யந்திரம் இயங்கிற்று; அதைப் பார்த்து ஜான் பிங்கர்டன் என்னும் பொறியாளரைக் கொண்டு லயன்ஸ் தனக்கென ஒன்றைச் செய்துகொண்டது. அதுவே 'லியோ'. சுமார் 6,000 வால்வுகளோடு ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டிருந்த அது, 1951 நவம்பரில் ரொட்டிச்சாலைக் கணக்கை ஒழுங்காகப் போடத் தொடங்கிற்று.

நாம் சொல்ல வந்தது யந்திரத்தைப் பற்றியதன்று. 1954 அக்டோபரில் அதற்குக் கொடுக்கப்பட்ட ஒரு வேலையைப் பற்றியது. நூற்றுக்கு மேற்பட்ட கடைகளின் தலைவியர் ஒவ்வொரு நாளும் மறுநாளைக்கு வேண்டிய கேக் இத்தனை, ரொட்டி இத்தனை, ஐஸ்கிரீம் இத்தனை என்று பல படிவங்களை நிரப்பி அனுப்பிவந்தார்கள். காலெல்லாம் ஓய்ந்த மாலைப்பொழுதில், கடையை மூடுமுன் செய்யும் வேலை இது. இவற்றைக் கணிப்பொறியில் ஏற்றுக என்று யாரேனும் ஆணையிட்டிருந்தால், அதே படிவங்களை அட்டையில் துளையிட்டு யந்திரத்தில் செலுத்தியிருப்பார்கள். யந்திரம் வேகமாகக் கூட்டியிருக்கும். கடைத்தலைவியோ முன்போலவே எழுதிக்கொண்டிருப்பார்.

உலகின் முதல் முறைமைப் பகுப்பாய்வாளர் என்று பலராலும் குறிக்கப்படும் டேவிட் கேமினர் அப்பொழுது லியோவின் வேலைகளை வகுக்கும் பொறுப்பில் இருந்தார். அவரும் அவர் கூட்டத்தாரும் படிவத்தை விட்டுவிட்டு, கடையின் நடப்பைப் பார்த்தார்கள். இந்தச் செவ்வாய்க்கிழமை வேண்டுவது பெரும்பாலும் சென்ற செவ்வாய்க்கிழமை வேண்டியதே, மாறுவது சிறிது. ஆகையால் கிழமைதோறும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிலையான பட்டியலை வகுத்துக் கணிப்பொறியில் வைத்துவிட்டார்கள். கடைத்தலைவி செய்ய வேண்டியது இவ்வளவே: குறித்த நேரத்தில் தொலைபேசி வரும், மாற்றம் ஏதுமிருந்தால் மட்டும் சொல்ல வேண்டும். மழை வரும்போலிருக்கிறது, ஐஸ்கிரீமைக் குறையுங்கள் என்பார். காட்பி ஹால் என்னும் தலைமையகத்தில் காதுக்கருவி அணிந்து அமர்ந்திருந்த பெண், கேட்டபடியே அட்டையில் துளையிடுவாள். லியோ கூட்டிப் பெருக்கி, ரொட்டிச்சாலை எவ்வளவு சுட வேண்டும், எந்தக் கடைக்கு எதை எத்தனை கட்ட வேண்டும் என்பதையெல்லாம் அச்சிட்டுத் தந்துவிடும்.

கணிப்பொறியை ஒருநாளும் கண்ணால் கண்டிராத அந்தக் கடைத்தலைவிக்கு, நாள்தோறும் படிவம் நிரப்பும் வேலை ஒழிந்தது. அவரிடம், "உமக்கு என்ன யந்திரம் வேண்டும்?" என்று கேட்டிருந்தால், பாவம், எதைச் சொல்லியிருப்பார்? எளிதாகக் கிழியாத படிவம் வேண்டும் என்றிருப்பார். தேவையை அவர் வாய்ச்சொல்லில் மட்டும் தேடாமல், அவர் கைவேலையிலும் தேடினார்கள் என்பதே லயன்ஸ்காரர்களின் கெட்டிக்காரத்தனம். மொழிபெயர்ப்பாளருக்கும் இது பழக்கமான சங்கதிதான்; எழுதியிருப்பதை அப்படியே பெயர்த்துவிட்டு, சொல்ல வந்ததைக் கோட்டை விடுவதுண்டு.

பிற்காலத்தில் மென்பொருள்கள் பெருத்தன, தோல்விகளும் பெருத்தன. 1968 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நிபுணர்கள் கூடி இதற்காக வருந்தினார்கள். மென்பொருளைப் பொறியியலாகவே கருத வேண்டுமென்று பேசினார்கள். ஐ.பி.எம். கம்பெனியின் மாபெரும் மென்பொருள் ஒன்றை நடத்திய ஃபிரெடரிக் புரூக்ஸ், 1986-இல் எழுதிய கட்டுரையில், எதைச் செய்வது என்று தீர்மானிப்பதே இத்தொழிலின் மிகக் கடினமான பகுதி என்னும் கருத்தை அழுத்தமாகச் சொன்னார். இவை எல்லாம் ஏட்டில் இருந்தன. ஏட்டில் இருந்தும் என்ன நேர்ந்தது என்பதற்கு லயன்ஸ் கடைகள் இருந்த அதே லண்டன் மாநகரமே சாட்சி.

லண்டன் ஆம்புலன்ஸ் சேவை அக்காலத்தில் சுமார் 68 லட்சம் மக்களுக்காக இயங்கிவந்தது. அபாய அழைப்பு வந்ததும் விவரத்தைக் காகிதத்தில் எழுதுவார்கள். காகிதம் நகரும் பட்டையில் ஏறிச் செல்லும். தத்தம் வட்டாரத்தை நன்கறிந்த சிப்பந்திகள் எந்த வண்டியை அனுப்புவது என்று தீர்மானிப்பார்கள். மெதுவான முறைதான், மாற்ற வேண்டியதுதான். 1992-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் தேதி, திங்கட்கிழமை, அந்த வேலை முழுவதையும் கணிப்பொறியிடம் ஒப்படைத்தார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதைக் கணிப்பொறியே அறிந்து, அருகிலுள்ளதை அதுவே அனுப்பும் என்பது திட்டம்.

அத்திட்டம் ஒன்றைச் சார்ந்திருந்தது: புறப்பட்டோம், வந்து சேர்ந்தோம், மருத்துவமனை அடைந்தோம் என்று ஓட்டுநர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் பொத்தானை வரிசை தவறாமல் அழுத்த வேண்டும். குருதி பெருகக் கிடப்பவனை முதலில் தூக்குவதா, பொத்தானைத் தேடுவதா? சில இடங்களில் வானொலி அலை எட்டவில்லை. கணிப்பொறி குறித்த வண்டியை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துச் சென்றவர்களும் இருந்தார்கள். இவை யாவும் வண்டியோட்டிகள் நாள்தோறும் கண்டறிந்தவையே. ஆனால் கணிப்பொறியின் மனத்திலிருந்த லண்டன் வேறு, தெருவிலிருந்த லண்டன் வேறு ஆகிவிட்டன. ஓரிடத்துக்கு இரண்டு வண்டிகள் சென்றன. ஓரிடத்துக்கு ஒன்றும் செல்லவில்லை. வண்டி வராதவர்கள் மறுபடியும் அழைத்தார்கள், அழைப்புகள் பெருகின, எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்து மேலே ஓடி மறைந்தன. மறுநாளே பழைய முறைக்குப் பாதியளவில் திரும்பினார்கள். தலைமை நிர்வாகி பதவி விலகினார். நவம்பர் 4-ஆம் தேதி அதிகாலையில் கணிப்பொறி அறவே நின்றுபோயிற்று. மீண்டும் காகிதமே கைகொடுத்தது.

1993 பிப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை, மென்பொருளின் பிழைகளோடு மற்றொன்றையும் எடுத்துக்காட்டிற்று. திட்டம் வகுத்தபோது ஆம்புலன்ஸ் ஊழியர்களின் பங்கு சொற்பமாக இருந்தது. அது தம்முடையது என்று அவர்கள் கருதவே இல்லை. இதற்கு நிர்வாகத்தை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. 1989-90-இல் நடந்த நீண்ட தொழில் தகராறு இருபக்கத்திலும் கசப்பை விட்டுச் சென்றிருந்தது. நம்பிக்கை இல்லாத இடத்தில், கேட்பவர் கேட்டாலும் சொல்பவர் மனந்திறந்து சொல்வதில்லை. பின்னர் அந்தச் சேவையார் அவசரத்தைக் கைவிட்டார்கள். கட்டுப்பாட்டு அறைச் சிப்பந்திகளிடம் மாதிரித் திரைகளைக் காட்டி, அவர்கள் சொன்னபடி திருத்தி, படிப்படியாகப் புதியதொரு முறையை உருவாக்கினார்கள். 1996-இல் அது நடைமுறைக்கு வந்தது, நிலைத்தும் நின்றது.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில், முன்னே சொன்ன அந்தப் படிவம் திருத்தத்துக்காக மறுபடியும் நம் மேசைக்கு வந்தது. இந்த முறை, மொழிபெயர்ப்போடு ஒரு பக்கக் குறிப்பையும் இணைத்தோம். மூன்று கட்டங்களுக்குப் பதிலாக, 'பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி முழுப்பெயர்' என்று ஒரே கட்டம் வைத்தால் தமிழருக்கு மட்டுமன்றி, ஒற்றைப் பெயரோடு வாழும் பிறர்க்கும் அது பொருந்துமென்று எழுதினோம். மொழிபெயர்ப்பாளரின் வேலை அதுவன்று என்று யாரேனும் கடிந்துகொள்வார்கள் என்றே எதிர்பார்த்திருந்தோம். பத்து நாட்களில் விடை வந்தது. மென்பொருள் எழுதும் இளைஞர்களுக்கு ஒருநாள் நேரில் வந்து இதனை விளக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். வருகிறோம் என்று எழுதியதோடு, நமது குடியிருப்பில் வாழும் அம்மையார் ஒருவரையும், திரும்பி வந்த அவருடைய காகிதங்களையும் உடன் அழைத்துவர அனுமதி கோரியிருக்கிறோம்.